சிறுநீரகக் கல் வலி: டைக்ளோஃபினாக்கா, மார்ஃபினா?

சிறுநீரகக் கல் வலியில் ஆளே சுருண்டு விழுவார். இத்தனை கடுமையான வலிக்கு மார்ஃபின் என்ற வீரியமான வலிநிவாரணிதான் சரி என்றே பலருக்கும் தோன்றும். கத்தாரின் ஹமத் பொது மருத்துவமனை அவசரப் பிரிவில் 1,645 பேரிடம் நடத்திய ஆய்வு 2016இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. அரை மணி நேரத்தில் வலி பாதியாவது குறைந்தவர்கள், தசையில் 75 மி.கி. டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி ஊசி போட்டவர்களில் 68%; ரத்தக் குழாயில் மார்ஃபின் ஏற்றியவர்களில் 61%. வித்தியாசம் பெரிதல்லதான். ஆனால் துடிக்கிறவர் கையில் ரத்தக் குழாயைத் தேடும் அவஸ்தை டைக்ளோஃபினாக்கில் இல்லை. சிறுநீர்க்குழாயின் இறுக்கத்தையும் வீக்கத்தையும் தூண்டும் புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளையே அது குறைக்கிறது. மார்ஃபினோ வலி உணர்வை மட்டுமே மழுக்குகிறது. கூடவே குமட்டலும் தரலாம்.

வயிற்றுப் புண்ணோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவருக்கு டைக்ளோஃபினாக் ஆகாது. அதற்காக உடனே மார்ஃபினுக்குத் தாவ வேண்டியதில்லை: அதே ஆய்வில், ரத்தக் குழாயில் ஏற்றிய சாதாரண பாராசிட்டமாலே 66% பேருக்குக் கைகொடுத்தது.