சின்ன அதிர்வுக்கும் மரியாதை தரும் ஒரு படிவம்

'டிட் யூ ஃபீல் இட்?' அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் நடத்தும் இலவச இணையச் சேவை. 1990களில் கலிபோர்னியாவுக்கென்று ஆரம்பித்தது, 2004இல் உலகம் முழுவதற்கும் வந்தது. அதிர்வை உணர்ந்தவர்கள் படிவம் நிரப்பினால், எங்கே எவ்வளவு ஆடியது என்று வரைபடம் போட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இதன் அருமை பெரிய நிலநடுக்கத்தைவிட மூன்று, மூன்றரை ரிக்டரில்தான் தெரியும்.

அந்த அளவு அதிர்வுக்குச் செய்தியில் ஒரு வரி கிடைத்தால் அதிகம். 'பாதிப்பு எதுவும் இல்லை', அவ்வளவுதான். ஆனால் நாலைந்து கிலோமீட்டர் ஆழத்திலேயே அது கிளம்பியிருந்தால், நேர் மேலே குடியிருப்பவர்களுக்குக் கதையே வேறு. எங்களுக்கு ராத்திரியில் வந்தது. முதலில் 'டம்' என்று ஒரு சத்தம், மாடியில் யாரோ பீரோவைத் தள்ளிவிட்ட மாதிரி. அப்புறம் ஒரே ஒரு உலுக்கல். ஸ்டாண்டில் இருந்த தட்டுகள் கிணுகிணுத்து அடங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பக்கத்து ஊரில் இருக்கும் அண்ணிக்குப் போன் போட்டால், "அப்படியா? நான் நல்லா தூங்கிட்டேனே" என்கிறார். ஆழம் குறைந்த அதிர்வின் குணமே இதுதான். வேகமாகத் துடிக்கும் அலைகள் தேய்ந்துபோகும் முன்பே தரைக்கு வந்துவிடும், அதனால் காதுக்கும் கேட்கும். கொஞ்ச தூரம் தள்ளினால் சட்டென்று மங்கிவிடும்.

ரிக்டர் எண் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். ஆட்டம்தான் ஊருக்கு ஊர் மாறும், இளகிய மண்ணில் கூடும். படிவம் பிடிப்பது அந்த ஆட்டத்தை. 'எவ்வளவு பயந்தீர்கள்' என்று பொதுப்படையாகக் கேட்டு நிறுத்தாமல், பொருட்கள் கடகடத்தனவா, சுவரில் படங்கள் கோணினவா, நிற்கச் சிரமப்பட்டீர்களா, பக்கத்தில் இருந்தவர்களும் உணர்ந்தார்களா என்று கேட்கிறது. பதில்களைச் சேர்த்து, ஓர் இடத்தில் எவ்வளவு ஆடியது என்று சொல்லும் மெர்காலி அளவில் ரோமன் எண் தருகிறார்கள். பாத்திரமும் ஜன்னலும் கடகடத்தால் நான்கையொட்டி வரும். எனக்கு மிகவும் பிடித்தது, 'உணரவில்லை' என்பதையும் பதிலாக ஏற்பதுதான். தூங்கிப்போன அண்ணியையும் நிரப்பவைத்தேன். அதிர்வு எங்கே நின்றது என்று அவர் மாதிரி ஆட்கள்தானே சொல்ல முடியும்!

வரைபடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஓர் ஊர் வெறுமையாகக் கிடந்தால் அங்கே ஆடவில்லை என்று அர்த்தமில்லை, யாரும் எழுதவில்லை, அவ்வளவே. ஒரே ஒருவர் மட்டும் எழுதிய வரைபடக் கட்டத்தையும் பெரிதாக நம்ப வேண்டாம். அதிர்வு கிளம்பிய ஆழம் சரியாக 10 கிலோமீட்டர் என்று இருந்தாலும் உஷார்: கணிக்கப் போதிய தரவு இல்லாதபோது அந்த எண்ணில் நிறுத்திவைப்பது வழக்கம். முன்னெச்சரிக்கையையும் இதில் தேடாதீர்கள், இது ஆடி முடிந்த பிறகு வேலை செய்யும் சேவை.

ஆங்கிலத்தில் நீளமான கேள்விகள் ஒத்துவராதவர்களுக்கு, ஐரோப்பிய-மத்தியதரைக்கடல் நில அதிர்வு மையத்தின் 'லாஸ்ட்குவேக்' செயலி இருக்கிறது. அதில் படங்களைப் பார்த்து, நம் அனுபவத்துக்குப் பொருந்துவதைத் தொட்டால் போதும். வேகத்துக்கு அது, விவரத்துக்கு இது.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். சின்ன அதிர்வு பட்டியலில் ஏற நேரமாகலாம். அதற்காகக் காத்திருக்க வேண்டாம், பட்டியலில் இல்லாத அதிர்வைப் பதியவும் தனி வழி வைத்திருக்கிறார்கள். நினைவு பசுமையாக இருக்கும்போதே நிரப்பிவிடுங்கள்.