அல்சருக்கு என்சைம் சிரப்பா, பான்டோபிரசோலா?

வயிறு எரிந்தால் மெடிக்கல் கடையில் என்சைம் சிரப் வாங்கிக் குடிப்பவர்கள் உண்டு. பாட்டிலைத் திருப்பி லேபிளைப் பாருங்கள்: பல சிரப்புகளில் மாவுச்சத்தைச் செரிக்கும் டயாஸ்டேஸோடு பெப்சினும் இருக்கும். பெப்சின் புரதத்தைச் செரிக்கும் என்சைம். சளிப்படலம் பழுதான இடத்தில் அது வயிற்றுச் சுவரையே அரிக்கும். அல்சர் உள்ளவருக்கு அதையே ஊற்றிக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பான்டோபிரசோல் மாத்திரை வயிற்றில் அமிலச் சுரப்பைக் குறைக்கிறது. பெப்சினுக்கு அமிலம் வேண்டும். பிஹெச் (அமில அளவைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் அதிகம்) 2 அளவில் நன்றாக வேலை செய்யும், 5-ஐத் தாண்டினால் ஏறக்குறைய அடங்கிவிடும். அப்புறம் புண் ஆற வழி கிடைக்கும். காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும்.

ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருந்தால் ஆன்டிபயாட்டிக்கும் சேர வேண்டும். வலி மாத்திரைதான் காரணம் என்றால் டாக்டரிடம் கேட்டு அதை நிறுத்துங்கள். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் சிரப், பான்டோபிரசோல் இரண்டுமே வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.