பழைய ஆட்டோமேட்டிக் பைக்: அப்ரிலியா மானா 850-யா, ஹோண்டா என்சி700எக்ஸ் டிசிடி-யா?

இரண்டிலும் கிளட்ச் லிவர் கிடையாது. பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில் போய்விட்டதால், டேங்க் இருக்கவேண்டிய இடத்தில் ஹெல்மெட் வைக்கும் பெட்டி. ஒற்றுமை அதோடு சரி.

2007-ல் வந்த மானாவில் 839 சிசி வி-ட்வின் இன்ஜின் (V வடிவில் இரண்டு சிலிண்டர்), ஸ்கூட்டர் போல சிவிடி பெல்ட், அதாவது தனித்தனி கியர் இல்லாமல் பெல்ட்டே வேகத்துக்கேற்ப மாறிக்கொள்ளும். கியர் மாறும் உதறலே இல்லை. நெரிசலில் ஓட்ட அத்தனை சுகம். வேண்டுமென்றால் 7 செயற்கை கியர்களை நாமே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பெல்ட் தேயும் பொருள். அதை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றும் செலவை விலையில் கழித்துத்தான் பேசவேண்டும். உற்பத்தி நின்று வருடங்களாகிவிட்டதால், உதிரி பாகங்கள் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். பைக்கைப் பார்ப்பது அப்புறம்.

2012-ல் வந்த ஹோண்டாவில் 670 சிசி இன்ஜின், நிஜமான 6 கியர். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று; கியரை வண்டியே மாற்றிக்கொள்ளும். டிசிடி (இரட்டை கிளட்ச்) என்பது இதுதான். வேகம் மானாவை விடக் குறைவு, பெட்ரோல் செலவும் குறைவு. ஓட்டிப் பார்க்கும்போது இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை போங்கள். மெதுவாக நகரும்போது குலுங்குகிறதா என்று கவனியுங்கள். கிளட்ச்சுக்கென்று தனி ஆயில் ஃபில்டர் உண்டு, அது மாற்றப்பட்டதா என்றும் கேளுங்கள்.

ஓட்டும் ஆசைக்கு மானாதான் என் மனசுக்குப் பிடித்தது. தினமும் வேலைக்குப் போக ஒரே வண்டி என்றால் தயங்காமல் ஹோண்டாவை எடுப்பேன்.