கோலாலம்பூர் ஃபெலோஷிப்பா, ஊர்க் குழுவா?

ஜனநாயகம், சமூக நீதி என்று இறங்க நினைக்கும் மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர் இளைஞருக்கு இரண்டு வழி: தலைநகரில் ஓராண்டு ஃெலோஷிப் என்னும் பயிற்சி, அல்லது ஊரிலேயே தோட்டக் குடியிருப்புக் குழு.

ஃபெலோஷிப்பில் சட்டம் பிடிபடும். நகராண்மைக் கழக உறுப்பினரை ஏன் நாம் தேர்ந்தெடுப்பதில்லை? உள்ளாட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. இப்போது மாநில அரசே நியமிக்கிறது. இதெல்லாம் அங்கே விளங்கும். உதவித்தொகையும் உண்டு.

குழு வேறு மாதிரி. பால்மரம் சீவிவிட்டு வந்த அக்கா, பிளாஸ்டிக் பையில் சுற்றிய பழைய சம்பளச் சீட்டுகளை மேசையில் கொட்டுவார். "தம்பி, வேலை நின்னா வீடும் போயிடுமா?" பல தோட்டங்களில் வீடு வேலையோடு ஒட்டியது. அதற்கு ஸ்லைடு உதவாது. மலாயில் கடிதம் எழுதி, நிர்வாகி அலுவலக வாசலில் காத்திருக்க வேண்டும். காசு கிடையாது, தேநீர் உண்டு.

2021 டிசம்பர் முதல் 18 வயதானால் வாக்காளர் பட்டியலில் பெயர் தானாக ஏறுகிறது. சரி, எந்தப் பள்ளிக்கூடத்தில் ஓட்டு என்று லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், யார் சொல்வது?

என்னைக் கேட்டால் முதலில் குழு, அப்புறம் ஃபெலோஷிப். மாற்றிச் செய்த ஒருவர் திரும்பி வந்து "பங்குதாரர்கள்" என்று பயிற்சி மொழியில் பேசத் தொடங்கினார். அக்கா சீட்டுகளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.