கிரேட் டேன் குட்டி வாங்கப் போகிற பெங்களூர்க்காரர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

51,500 ரூபாய். குட்டிக்கு 45,000, அதோடு டானிக், பவுடர், தீனி என்று தலையில் கட்டியது 6,500. வீட்டுக்காரரின் போனஸ் பணம் முழுசும் அதில் போய்விட்டது. விற்ற ஆள் ஃபோனை எடுப்பதில்லை. முன்னங்கால் இரண்டும் வளைந்துபோன குட்டி எங்கள் ஹாலில் படுத்திருக்கிறது. எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு நேற்றுதான் வந்தோம். அதே குட்டியின் படத்தோடு வேறு பெயரில் விளம்பரம் மறுபடியும் ஓடுகிறது. அதனால்தான் இந்த அவசரம்.

நாங்கள் இருப்பது ராமமூர்த்தி நகரில், தரைத்தளம், பின்பக்கம் கொஞ்சம் மண் தரை உண்டு. பெரிய ஜாதி நாய் வளர்ப்பது லேசுப்பட்ட வேலை இல்லை என்று தெரிந்துதான் இறங்கினோம். வளர்ந்த ஆண் கிரேட் டேன் தோள் உயரமே இரண்டரை அடிக்கு மேல் வரும், எடை 60, 70 கிலோ. ஆயுசு குறைச்சல், பத்து வருஷம் இருந்தால் பெரிது. வயிறு உப்பி முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிரைக் கொண்டுபோய்விடும். இதெல்லாம் படித்து, விசாரித்து, தீனிச் செலவைக் கணக்குப் போட்டுத்தான் தேட ஆரம்பித்தோம்.

பழைய பொருள் வாங்கி விற்கிற ஆப் ஒன்றில் விளம்பரம் வந்தது. ஆண் குட்டி, 60 நாள், முதல் ஊசி போட்டாச்சு, கேசிஐ பேப்பர் (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா கொடுக்கும் ஜாதிச் சான்றிதழ்), மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சிப்) எல்லாம் இருக்கு, வந்து பார்த்து வாங்கலாம். அட்வான்ஸ் கேட்கவில்லை. இடம் ஹொசகோட்டே தாண்டி, உள்ளே ஒரு தனி வீடு.

அந்த ஆளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அவன் வேலையே இதுதான். நாங்கள் தமிழில் பேசிக்கொள்வதைக் கேட்டதும் அவனும் தமிழுக்கு மாறினான். தர்மபுரிப் பக்கமாம். "நம்ம ஊர்க்காரங்க அக்கா நீங்க, உங்ககிட்ட போய் பொய் சொல்வேனா?" அதை மட்டும் வைத்து நாங்கள் நம்பவில்லை. அவன் எங்களை ஒரு பாடு விசாரித்தான். வீட்டில் மாடிப்படி இருக்கா, பகலில் யார் இருப்பாங்க, ஹவுஸ் ஓனர் ஒத்துக்கிட்டாரா, சின்னப் பிள்ளைங்க இருக்கா, நாய் பெருசானதும் கட்டிப் போட்டுடுவீங்களா. "சரியா வளர்க்க மாட்டாங்கன்னு தோணினா நான் குடுக்க மாட்டேன் அக்கா, போன வாரம் ஒருத்தரைத் திருப்பி அனுப்பிட்டேன்" என்றான். நல்ல பிரீடர், அதாவது நாய் வளர்த்துக் குட்டி விற்பவர், வாங்க வருகிறவரைத் துருவித் துருவிக் கேட்பார் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. அவனும் அதைப் படித்திருக்கிறான்.

பிறகு குட்டியைத் தூக்கி வந்து என் மடியில் வைத்தான். முன்னங்காலைப் பிடித்துக் காட்டி, "எலும்பு கனத்தைப் பாருங்க, அப்பன் 80 கிலோ" என்றான். வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு பெரிய பெண் நாய் நின்றது, அதுதான் தாய் என்றான். மடி வற்றியிருக்கிறதே என்று வீட்டுக்காரர் கேட்டார். பால் மறந்து நாளாச்சு சார் என்று உடனே பதில். பணத்தை அவனாகக் கேட்கவே இல்லை. "டீ குடிங்க முதல்ல, பணம் எங்க போயிடப் போகுது?" 45,000 ரூபாய் யுபிஐயில் போனது அந்த டீக்கு அப்புறம்தான்.

கிளம்பும்போது கால்சியம் டானிக் இரண்டு பாட்டில், லேபிள் இல்லாத ஒரு பவுடர் டப்பா, மூட்டைத் தீனி. 6,500. "ராட்சச ஜாதி அக்கா, கால்சியம் குடுக்கலேன்னா கால் நிக்காது." இன்னொன்றும் சொன்னான்: ரெண்டாவது ஊசி முடியும்வரை எந்த ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போகாதீங்க, அங்கே பார்வோ (குட்டிகளைக் கொல்கிற வைரஸ் நோய்) ஒட்டிக்கும், எங்க டாக்டரே வீட்டுக்கு வருவார். ஊசி முடியாத குட்டியைக் கண்ட இடத்தில் தரையில் விடக்கூடாது என்பது உண்மைதான். அந்த உண்மையை எடுத்து வேறு டாக்டர் யாரும் குட்டியைப் பார்க்க முடியாதபடி பூட்டுப் போட்டான். அவன் சொன்ன டாக்டர் கடைசிவரை வரவில்லை. இன்னிக்கு வருவார், வண்டி பஞ்சர், ஊருக்குப் போயிருக்கார்.

பீமன் என்று பெயர் வைத்தோம். இரண்டு வாரம் ஆவதற்குள் முன்னங்கால் மணிக்கட்டு இரண்டும் வீங்கி, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. எழுந்து நிற்பான், நாலு எட்டு வைப்பான், டைல்ஸில் கால் விரிந்து அப்படியே உட்கார்ந்துவிடுவான். உட்கார்ந்தபடி வீங்கின இடத்தை நக்கிக்கொண்டே இருப்பான். கிண்ணத்தைத் தள்ளி வைத்தால் அங்கே போகவும் முடியாமல், வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு எங்களைப் பார்ப்பான்.

வீடியோ எடுத்து அந்த ஆளுக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில்: "வேகமா வளர்ற ஜாதி, இப்படித்தான் இருக்கும். கால்சியத்தை டபுள் பண்ணுங்க." டபுள் பண்ணச் சொன்னான்! அன்று சாயங்காலமே டாக்டரிடம் ஓடினோம்.

டாக்டர் முதலில் சிப் ரீடரைக் கழுத்து, தோள், முதுகு என்று எல்லா இடத்திலும் ஓட்டினார். சிப் இல்லை. வாயைத் திறந்து பார்த்தார். கடைசிக் கடைவாய்ப் பால்பல் இப்போதுதான் ஈறைக் கிழித்துக்கொண்டு வருகிறது, ஏழு வாரம் தாண்டியிருக்காது என்றார். அப்படியென்றால் 60 நாள் என்று சொல்லி எங்களிடம் கொடுத்தபோது அது சுமார் ஐந்து வாரக் குட்டி, தாயோடு இருக்க வேண்டியது. ஊசி கார்டில் போட்டிருக்கும் தேதியைக் கணக்குப் போட்டால் கண் திறந்து ஒரு வாரம் ஆன குட்டிக்கு ஊசி போட்டதாக ஆகிறது. கார்டில் டாக்டரின் முத்திரையும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. கேசிஐ பேப்பர் என்று கொடுத்தது ஏதோ ஒரு ஜெராக்ஸ். ஒரிஜினல் சென்னையிலிருந்து தபாலில் வருமாம்.

கால்சியம் விஷயத்தை அவர் பொறுமையாக விளக்கினார். சின்னக் குட்டியின் குடலுக்கு வேண்டாத கால்சியத்தை ஒதுக்கத் தெரியாது, போடுவதில் பெரும்பங்கு உடம்பில் ஏறிவிடும். இந்த ஜாதிக்கு ஒன்றரை வயசு வரைக்கும் எலும்பு வளர்கிறது, அந்த வளர்ச்சியே இதனால் தாறுமாறாகும். இந்தக் குட்டிகளை மெதுவாக, ஒல்லியாகத்தான் வளர்க்க வேண்டும். பெரிய ஜாதிக் குட்டிகளுக்கென்றே வரும் தீனியில் கால்சியம் அளவாக இருக்கிறது, மேலே ஒரு சொட்டு வேண்டாம். டானிக்கையும் பவுடரையும் அன்றே நிறுத்தச் சொல்லிவிட்டார். ஹால் முழுக்க ரப்பர் மேட் போட்டிருக்கிறோம். கால் நேராக வாய்ப்பு இருக்கிறது, உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார்.

அதற்குப் பிறகு அந்த ஆள் பேசின பேச்சு இருக்கிறதே. முதலில், உங்க வீட்டு டைல்ஸ்தான் காரணம். அப்புறம், உங்களுக்குத் தீனி போடத் தெரியல. அப்புறம், சரி குட்டியைக் கொண்டாங்க, வேற ஒண்ணு மாத்தித் தரேன். இதை என்ன செய்வீங்க என்று கேட்டேன். "அது உங்களுக்கு எதுக்கு அக்கா?" குட்டியைத் தர முடியாது, 45,000 ரூபாயைத் திருப்பிக் கொடு என்றேன். அதோடு வாட்ஸாப்பில் ஒற்றை டிக்.

நேரில் போனோம். கேட்டில் பூட்டு. எதிரே பெட்டிக்கடைக்காரர் "மனெ காலி மாடித்ரு" என்றார், வீட்டைக் காலி செய்துவிட்டார்களாம். வாடகை வீடாம். அந்தப் பெரிய பெண் நாயை யாரோ வண்டியில் கொண்டு வருவார்கள், ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனதும் திருப்பிக் கொண்டுபோவார்களாம். அவருக்கு அது வேடிக்கை. எனக்கு வயிறு எரிந்தது. அப்படியென்றால் பீமனின் தாய் எங்கே, எந்தக் கூண்டில் கிடக்கிறது?

ஆப் கம்பெனியில் புகார் போட்டால், வாங்குபவரையும் விற்பவரையும் இணைப்பது மட்டுமே எங்கள் சேவை என்று பதில். மறுபடி எழுதினால் அதே பதில், எழுத்து மாறாமல். பேங்கில், நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பிய பணம் மேடம் என்கிறார்கள். யுபிஐயில் வந்த பெயரும் அவன் சொன்ன பெயரும் வேறு வேறு. ஸ்டேஷனில் முதல் கேள்வி, "நாய்க்கு 45,000மா?" அப்புறம் சிவில் மேட்டர், கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போங்க. போகத்தான் போகிறேன். 5 லட்சம் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. ஆனால் எதிர்த்தரப்பு முகவரி என்ற இடத்தில் காலி வீட்டையா எழுதுவது?

வாங்கப் போகிறவர்களுக்கு விவரமாக எழுத நினைத்திருந்தேன், நேரம் இல்லை. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது, சிப் போட்டுத்தான் விற்க வேண்டும், பிரீடர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 2017ஆம் வருஷ விதியிலேயே இதெல்லாம் இருக்கிறது. பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள், மழுப்பினால் கிளம்பி வந்துவிடுங்கள். பணம் கொடுப்பதற்கு முன்னால் குட்டியை உங்கள் டாக்டரிடம் காட்டி, சிப் ரீடர் வைத்து, பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். தாய் குட்டிக்குப் பால் கொடுப்பதைக் கண்ணால் பார்த்தாக வேண்டும், வேலிக்கு அந்தப்பக்கம் நிற்பதைப் பார்த்தால் போதாது. கால்சியம் டானிக் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே கூப்பிடுங்கள்: ஆன்லைன் பண மோசடிப் புகாருக்கு 1930, நுகர்வோர் புகாருக்கு 1915.

படத்தில் பழுப்பு நிறக் குட்டி, கறுப்பு முகம், நெஞ்சில் சின்ன வெள்ளைப் புள்ளி, பின்னால் நீலத் தண்ணீர் டிரம். இந்த விளம்பரம் உங்கள் கண்ணில் பட்டால் ஃபோன் நம்பரும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கள். திங்கள்கிழமை புகார் கொடுக்கும்போது சேர்த்துக் கொடுக்க வேண்டும்.