பதின்மூன்று ஆண்டுகளாக ஒரு மெடிக்கல் கார்டு

பினாங்கின் பாயான் லெப்பாஸில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர், "அண்ணே, ஏஜெண்டு மெடிக்கல் கார்டு எடுக்கச் சொல்றாரு, எடுக்கலாமா?" என்று சென்ற வாரம் கேட்டார். பிரீமியம் கட்டிவந்தால் தனியார் மருத்துவமனைச் செலவைக் காப்புறுதி நிறுவனம் ஏற்கும் அந்தக் கார்டை 2012 முதல் நான் வைத்திருப்பது அவருக்குத் தெரியும். உணவு இடைவேளைக்குள் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன். மருத்துவமனை அறை வாடகை, கார்டின் ஆண்டு வரம்பு ஆகியவற்றை ஏஜெண்டே விளக்கிவிடுவார் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் நன்றிக்குரியதைச் சொல்ல வேண்டும். 2019ஆம் ஆண்டு தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில், என் மனைவி பித்தப்பைக் கல்லின் வலியில் நள்ளிரவில் சுருண்டு விழுந்தார். மூன்றாம் நாளே அறுவை சிகிச்சை முடிந்தது. 21,400 வெள்ளி (ரிங்கிட்) பில்லில் எங்கள் கையிலிருந்து போனது 38 வெள்ளி மட்டுமே. அந்த வாரம் நான் யாரிடமும் கடன் கேட்டு நிற்கவில்லை. அவருடைய தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகவில்லை. அதை நான் மறக்கமாட்டேன்.

ஆனால் இத்தனை ஆண்டுகளாக என் மனத்தில் முள்ளாகக் குத்திக்கொண்டிருப்பது, தனியார் மருத்துவமனை முகப்பில் கேட்கப்படும் முதல் கேள்வி. என்ன வலி, எப்போதிலிருந்து என்று கேட்பதற்கு முன்பே "கார்டா, கேஷா?" என்று கேட்கிறார்கள். கேட்கும் பெண்மீது எனக்குக் கோபமில்லை. அவர் சொல்லிக் கொடுத்ததைச் செய்கிறார். அந்தப் பதிலைப் பொறுத்து அடுத்து நடப்பவை மாறுகின்றன என்பதை 2023இல் மகனுக்கு டெங்கி கண்டபோதுதான் முழுமையாக உணர்ந்தேன்.

நான்கு நாள் சிகிச்சைக்குப் பிறகு, காலை பத்து மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பில்லை ஏற்பதாகக் காப்புறுதி நிறுவனம் அனுப்பும் இறுதி உத்தரவாதக் கடிதம் வந்தபோது மாலை நான்கேகால். ஊசி எடுத்த இடத்தில் பஞ்சு ஒட்டிய கையோடு, சப்பாத்தும் போட்டுக்கொண்டு அவன் கட்டில் விளிம்பில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். காத்திருந்த நேரத்தில் பில்லைக் கேட்டு வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தேன். மருத்துவரின் கட்டணம் அதில் சிறு பகுதிதான். கையுறை, குழாய், மருந்து என்று நீண்ட பட்டியலே பெரும்பகுதி. ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரைக்குப் போட்டிருந்த விலையில் ஜெலுத்தோங் மருந்துக் கடையில் ஓர் அட்டையே வாங்கியிருக்கலாம். தனியார் மருத்துவர்களின் கட்டணத்துக்குத் தனியார் மருத்துவமனை விதிமுறைகளின் 13ஆம் அட்டவணை உச்சவரம்பு வைத்திருக்கிறது. மருத்துவமனை விற்கும் மருந்துக்கும் பொருளுக்கும் அப்படியொரு வரம்பு இல்லை. 2025 மே 1 முதல் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று அரசாங்கம் கட்டளையிட்டிருக்கிறது. விலை தெரியும், ஆனால் அது குறையும் என்பதற்கு உறுதியில்லை.

பில் குறைய வேண்டும் என்று விரும்பும் ஆளே அந்த இடத்தில் இல்லை. மருத்துவமனைக்குப் பில் ஏறினால் வருமானம். காப்புறுதி நிறுவனம் கூடுதலாகக் கொடுத்ததை அடுத்த பிரீமியத்தில் வசூலித்துக்கொள்ளும். பிரீமியத்திலிருந்து ஏஜெண்டுக்குக் கமிஷன் போகும். நானோ, கார்டு பார்த்துக்கொள்ளும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். நாட்டின் பெரிய தனியார் மருத்துவமனைக் குழுமங்களில் ஒன்றான ஐஎச்எச்சில் அரசாங்க முதலீட்டு நிறுவனமான கசானாவும் ஊழியர் சேமநிதியும் பங்குதாரர்கள். என் மகன் படுத்திருந்தது அங்கே அல்ல. ஆனால் தொழிலாளியின் ஓய்வுக்காலச் சேமிப்பு வளர்வதற்கு மருத்துவமனை இலாபமும் ஒரு வழியாகிவிட்ட நாட்டில், பில்லைக் கட்டுப்படுத்தும் துணிவு யாருக்கு வரும் என்பது எனக்கு உண்மையான கவலை.

2024 அக்டோபரில் கடிதம் வந்தது: மாதம் 268 வெள்ளியாக இருந்த பிரீமியம் 402 வெள்ளி ஆகிறது. எங்கும் எதிர்ப்பு எழுந்த பிறகு, டிசம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டு, உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்பச் சொன்னது. 80 விழுக்காட்டினருக்காவது ஆண்டு உயர்வு பத்து விழுக்காட்டுக்குள் அடங்கும் என்றார்கள். நான் அந்த 80இல் இல்லை. எனக்கு வந்த இரண்டாவது கடிதத்தில் 312, 357, 402 என்று படி கட்டியிருந்தார்கள். அதே 402தான், ஏறும் வேகம் மட்டும் குறைந்திருக்கிறது. மகள் பெயரில் அமானா சஹாம் சேமிப்பு நிதியில் மாதம் போட்டுவந்த 100 வெள்ளியை நிறுத்தித்தான் இதைச் சமாளிக்கிறேன். நோய் வந்தால் குடும்பம் கவிழக்கூடாது என்று எடுத்த கார்டு, நோயே இல்லாத மாதத்தில் பிள்ளையின் சேமிப்பைத் தின்கிறது.

அம்மாவுக்குக் கார்டு கிடையாது. நீரிழிவுக்காக ஜாலான் ரெசிடென்சியில் உள்ள அரசாங்கப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறார். நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. காலை ஏழு மணிக்குப் போனால் மருந்து வாங்கி வீடு திரும்ப இரண்டு மணியாகிவிடும். நாற்காலி கிடைக்காத நாளும் உண்டு. ஆனாலும் முகப்பில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. போன முறை ஓர் இளம் மருத்துவர் அம்மாவின் காலணியைத் தாமே கழற்றி, விரல்களுக்கிடையில் புண் இருக்கிறதா என்று பார்த்தார்.

தம்பியிடம் இப்போதைக்கு வேண்டாம் என்றேன். தொழிற்சாலை கொடுக்கும் குழுக் காப்புறுதி இருக்கும்வரை, ஏஜெண்டு கேட்கும் பணத்தைத் தன் பெயரில் சேமிக்கச் சொன்னேன். வேலை போனால் அந்தக் காப்புறுதியும் போய்விடும் என்பதையும் மறைக்கவில்லை. "அப்ப நீங்க நிறுத்திட்டீங்களா, அண்ணே?" என்றார். நிறுத்தவில்லை. எனக்கு 2021இல் இரத்த அழுத்தம் கண்டுபிடித்துவிட்டார்கள். இதை விட்டால் பழைய நிபந்தனையில் இன்னொரு கார்டு எனக்குக் கிடைக்காது. வரும் 5ஆம் தேதியும் என் கணக்கிலிருந்து பணம் கழியும்.