பழைய கார் ஸ்டீரியோவின் ரீங்காரத்துக்கு ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்: பயன்படுத்திப் பார்த்த பின்

22 ஆண்டுகளாக ஓடும் என் காரின் ஸ்டீரியோவில் மூன்று விதமான இரைச்சல்கள் சேர்ந்திருந்தன. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் வேகத்தோடு சுருதி ஏறும் மெல்லிய ரீங்காரம் ஒன்று. ஒலியளவுக் குமிழைத் திருப்பும்போது மட்டும் எழும் கரகரப்பு மற்றொன்று. இடப்பக்கக் கதவு ஸ்பீக்கர் தாழ்ந்த ஒலிகளில் காகிதம் உரசுவதைப் போல அதிர்வது மூன்றாவது. எல்லா இரைச்சலையும் போக்கும் என்று உறையில் அச்சிட்டிருந்ததைப் பார்த்து கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்றை வாங்கினேன். நான்கு மாதங்களுக்குப் பிறகு அதைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடிகிறது: நல்ல கருவி, ஆனால் மூன்றில் ஒன்றுக்கு மட்டுமே மருந்து, அந்த ஒன்றிலும் நோயை மறைத்ததே தவிரத் தீர்க்கவில்லை.

தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பெட்டி அது. ஸ்டீரியோவுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையே ஓடும் ஆர்சிஏ கேபிளில் அதைச் செருகினால் போதும். தனியாக மின்சாரம் தேவையில்லை. உள்ளே சேனலுக்கு ஒன்றாக இரண்டு சிறிய 1:1 டிரான்ஸ்ஃபார்மர்கள் உள்ளன. டேஷ்போர்டில் உள்ள ஸ்டீரியோ காரின் உலோக பாடியில் ஓரிடத்திலும், டிக்கியில் உள்ள ஆம்ப்ளிஃபயர் வேறோரிடத்திலும் எர்த் எடுக்கின்றன. அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே மின்னழுத்தம் சிறிதளவு வேறுபட்டாலும், ஆர்சிஏ கேபிளின் வெளிவலை வழியாக மின்னோட்டம் பாயத் தொடங்கிவிடுகிறது; இந்தச் சுற்றுதான் கிரவுண்ட் லூப். எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் நேராக்கித் தரும் மின்சாரத்தில் எஞ்சியிருக்கும் அலைவு அந்த ஓட்டத்தில் கலந்து பாட்டோடு சேர்ந்து பெருக்கப்படுவதால்தான், ரீங்காரம் எஞ்சினோடு ஏறி இறங்குகிறது. ஐசொலேட்டர் அந்தக் கம்பித் தொடர்பைத் துண்டித்துவிட்டு, ஒலியைக் காந்தப்புலத்தின் வழியாக மட்டும் கடத்துகிறது.

பொருத்திய நிமிடத்திலேயே ரீங்காரம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. எஞ்சினை ஓடவிட்டு, பாட்டை நிறுத்தி, ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டால் மட்டுமே ஏதோ தொலைவில் இருப்பது போலக் கேட்டது. அந்த மாலை அடைந்த மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் இரண்டு நாளிலேயே, தாழ்ந்த ஒலிகளுக்கான பெரிய ஸ்பீக்கரான வூஃபரில் வேறுபாடு தெரிந்தது. முரசின் அடியில் முன்பிருந்த கனம் இல்லை. ஒலியை உயர்த்தும்போது அந்த அடி தட்டையாகவும் சற்றுச் சிதைந்தும் ஒலித்தது. இவ்வளவு சிறிய டிரான்ஸ்ஃபார்மரின் உட்கரு, தாழ்ந்த அதிர்வெண்களில் வலுவான சிக்னல் வரும்போது காந்தத்தால் விரைவில் நிறைந்துவிடுகிறது. உட்கரு பெரிதாக உள்ள விலை உயர்ந்தவற்றில் இந்த இழப்பு குறைவு. கதவு ஸ்பீக்கர் மட்டும் வைத்திருப்பவருக்கு இது தெரியாமலே போகலாம். வூஃபர் வைத்திருப்பவருக்குக் கட்டாயம் தெரியும்.

அதனால்தான் மூல காரணத்தைத் தேடினேன். பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் ஆம்ப்ளிஃபயரின் எர்த் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்து, எஞ்சின் ஓட, பாட்டும் உரக்க ஒலிக்க அளந்தபோது 0.3 வோல்ட் காட்டியது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டு எர்த் போல்ட்டைத் திருகி எடுத்தேன். வளைய முனைக்கு அடியில் பாடியின் பெயின்ட் முழு வட்டமாக அப்படியே இருந்தது. போல்ட்டின் மரைகள் மட்டுமே இத்தனை ஆண்டுகள் மின்சாரத்தைக் கடத்தி வந்திருக்கின்றன, அந்த மரைகளிலும் செம்பொடியாகத் துரு. உப்புத்தாளால் இரும்பு வெளுக்கும்வரை தேய்த்து, புதிய முனையை இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். மறுபடி அளந்தபோது 0.05 வோல்ட்டுக்குக் கீழே இருந்தது. ஐசொலேட்டரைக் கழற்றியும் ரீங்காரம் திரும்பவில்லை. முரசின் கனம் திரும்பிவிட்டது.

எனவே இதை வாங்க நினைப்பவர்கள் முதலில் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஆர்சிஏ பிளக்குகளை உருவிப் பார்க்க வேண்டும். ரீங்காரம் நின்றால் அது கேபிள் வழியாக வருகிறது. ஐசொலேட்டர் பலன் தரும், எர்த்தைச் சரிசெய்வது அதைவிடப் பலன் தரும். நிற்காவிட்டால் கோளாறு ஆம்ப்ளிஃபயரிலோ அதன் மின் இணைப்பிலோ இருக்கிறது. இந்தப் பெட்டி உதவாது. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் ஏசி அளவீட்டில் 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், ஆல்டர்னேட்டரின் டயோடு பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். அதை ஒலிக்கருவிகளால் மூடி மறைக்க முயல்வது பேட்டரிக்கே கேடு.

மற்ற இரண்டு இரைச்சல்களிலும் கருவி எந்த மாற்றத்தையும் செய்யவில்லை, செய்யவும் முடியாது. குமிழின் கரகரப்பு, உள்ளே உள்ள கார்பன் தடம் தேய்ந்து அழுக்குப் படிந்ததால் வந்தது. கான்டாக்ட் கிளீனரைப் பீய்ச்சிக் குமிழை முப்பது முறை முழுதாகத் திருப்பியதும் அடங்கியது, ஆனால் தடம் தேய்ந்தது தேய்ந்ததுதான். கதவு ஸ்பீக்கரின் விளிம்பு நுரை, விரல் பட்டதும் உதிர்ந்தது. அதை மாற்ற வேண்டியதாயிற்று.

ஐசொலேட்டருக்கு முழுமையாகப் பொருந்தும் இடம் ஒன்று உண்டு. காரின் சார்ஜரில் போனைச் செருகிக்கொண்டு அதே போனை ஆக்ஸ் கேபிளில் இணைத்தால் எழும் ரீங்காரத்துக்கு, தேய்த்துச் சுத்தம் செய்ய எர்த் போல்ட் எதுவும் இல்லை. சார்ஜரும் ஆக்ஸ் கேபிளும் சேர்ந்தே அந்தச் சுற்றை உண்டாக்குகின்றன. 3.5 மில்லிமீட்டர் பிளக்குடன் வரும் வகையை எங்கள் வீட்டின் இன்னொரு காரில் அதற்காகவே போட்டிருக்கிறேன். வூஃபர் இல்லாத அந்தக் காரில் இழப்பு எதுவும் காதுக்குத் தெரியவில்லை. ஆனால் ஸ்பீக்கருக்குச் செல்லும் ஒயரில் இதை இணைக்கவே கூடாது. இது தாழ்ந்த அளவுச் சிக்னலுக்கு மட்டுமானது. அந்த எச்சரிக்கை, எல்லா இரைச்சலையும் போக்கும் என்ற வாக்கியம் இருக்கும் அதே உறையில் எங்கும் இல்லை.